ரொறன்ரோ தீவுகளில் வலசைப் பறவை நோக்கல்

ரொறன்ரோ தீவுகளில் வலசைப் பறவை நோக்கல் என்பது, கனடாவின் ரொறன்ரோ நகருக்கு எதிரே ஒன்ராறியோ ஏரியில் அமைந்துள்ள தீவுக் கூட்டத்தில், இடம்பெயரும் பறவைகளை இளவேனில், இலையுதிர் ஆகிய இரு பருவங்களிலும் கண்டு பதிவு செய்யும் செயற்பாட்டைக் குறிக்கும். நகர மையத்திலிருந்து பயணிகள் படகில் ஏறத்தாழ 15 நிமிடங்களில் சென்றடையக்கூடிய இத்தீவுகள், தெற்கிலிருந்து இரவில் ஏரியைக் கடந்து வரும் பறவைகளுக்கு முதற் கரையாகவும், வடக்கிலிருந்து திரும்பும் பறவைகளுக்கு ஏரியைக் கடக்குமுன் உள்ள இறுதித் தங்குமிடமாகவும் விளங்குகின்றன. துறைமுகத்தின் மறுகரையில் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் மோதி இதே பறவைகள் பெரும் எண்ணிக்கையில் இறப்பதால், தீவுகளில் நடைபெறும் பறவை நோக்கல் பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி நகரமைப்பு, சட்டம் ஆகியவற்றோடும் தொடர்புடையதாக உள்ளது.

புவியியல் அமைவு

ரொறன்ரோ தீவுகள் ஏறத்தாழ 330 ஹெக்டேயர் பரப்பளவு கொண்டவை. சென்ரர் தீவு, வார்ட் தீவு, அல்கோன்குவின் தீவு, மக்ஸ் தீவு, ஸ்நேக் தீவு ஆகியவையும், மேற்கு அந்தத்திலுள்ள ஹன்லன் முனையும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பெரும்பாலான தீவுகள் பாலங்களால் இணைக்கப்பட்டுள்ளன. கிழக்கே வார்ட் தீவிலிருந்து மேற்கே ஹன்லன் முனை வரையுள்ள ஏறத்தாழ 5 கி.மீ. தூரத்தை ஒரு நாளில் நடந்தே கடக்கலாம். பொதுமக்களின் மகிழுந்துகளுக்கு இங்கு அனுமதி இல்லை. வார்ட் தீவிலும் அல்கோன்குவின் தீவிலும் 250 இற்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. ஏனைய நிலத்தின் பெரும்பகுதி பூங்காவாகும். மேற்கு முனையில் 1939 இல் திறக்கப்பட்ட ஒரு வானூர்தி நிலையம் இயங்குகின்றது.

இத்தீவுகள் பாறையால் ஆனவை அல்ல, மணலால் ஆனவை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான, தமிழர் பெருமளவில் வாழும் ஸ்காபரோவின் செங்குத்துக் கரைகள் அலைகளால் அரிக்கப்பட்டன. அம்மணலை ஏரி நீரோட்டம் மேற்கு நோக்கி எடுத்துச் சென்று படியவைத்ததால் நீண்ட மணற்றிட்டு ஒன்று உருவாகியது. 1858 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வீசிய புயல் அத்திட்டின் கழுத்தை உடைத்தது. அதுவரை குடாநிலமாக இருந்த நிலம் அன்றிலிருந்து தீவாக உள்ளது. 1808 இல் கட்டப்பட்ட ஜிப்ரால்ட்டர் முனைக் கலங்கரை விளக்கம் அக்காலத்தில் நீர்க்கரையை ஒட்டி நின்றது. மணல் தொடர்ந்து படிந்தமையால் இன்று அது கரையிலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உள்ளே நிற்கின்றது.

மணற்குன்றுகள், ஈரப் புல்வெளிகள், வில்லோ மரங்களும் கொட்டன்வூட் மரங்களும் நிறைந்த சோலைகள், ஊசியிலை மரத் தொகுதிகள், நாணல் சூழ்ந்த கால்வாய்கள், திறந்த ஏரி எனப் பல்வேறு வாழிடங்கள் நடந்து செல்லும் தூரத்துக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பூச்சியுண்ணும் சிறு பறவைகளும் நீர்ப்பறவைகளும் ஆந்தைகளும் ஒரே நாளில் காணப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

இந்நிலப்பகுதி மிசிசாகா முதற்குடி மக்களின் மரபுவழி நிலமாகும். இத்தீவுகள் அவர்களால் புனிதமாகவும் நோய் தீர்க்கும் இடமாகவும் கருதப்பட்டன. ரொறன்ரோ நிலக் கொள்வனவு தொடர்பாக அவர்கள் முன்வைத்த கோரிக்கை 2010 ஆம் ஆண்டில் 145 மில்லியன் கனடிய டொலர் இழப்பீட்டுடன் தீர்க்கப்பட்டது.

பறவைகள் இங்கு இறங்குவதற்கான காரணங்கள்

வட அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளில் இனப்பெருக்கம் செய்யும் சிறு பறவைகளுள் பெரும்பாலானவை குளிர்காலத்தை ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி, மத்திய அமெரிக்கா, கரிபியன் தீவுகள், தென்னமெரிக்கா ஆகிய இடங்களில் கழிக்கின்றன. இவை பெரும்பாலும் இரவிலேயே பறக்கின்றன. இரவில் காற்று அமைதியாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதும், பகல்நேரக் கொன்றுண்ணிகளின் தொல்லை குறைவதும், பகலை உணவு தேடப் பயன்படுத்த முடிவதும் இதற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. கதிரவன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள் இவை எழுகின்றன. விண்மீன்களையும் புவியின் காந்தப் புலத்தையும் கொண்டு திசை அறிகின்றன.

ஒன்ராறியோ ஏரி 311 கி.மீ. நீளமும், மிக அகலமான இடத்தில் 85 கி.மீ. அகலமும் கொண்டது. ரொறன்ரோவுக்கு நேர் தெற்கே நயாகராக் கரையிலிருந்து இந்த அகலம் ஏறத்தாழ 50 கி.மீ. ஆகும். 10 கிராம் எடையுள்ள பறவை ஒன்றுக்கு இது ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட, இடையில் இறங்க முடியாத பறப்பாகும். இரவின் முடிவில் ஏரியின் மேல் இருக்கும் பறவைகளுக்கு விடியலில் முதலில் தென்படும் மரங்கள் தீவுகளின் மரங்களே.

ஒரு காலையில் எத்தனை பறவைகள் காணப்படும் என்பதை வானிலையே தீர்மானிக்கின்றது. தெற்கிலிருந்து வீசும் இளஞ்சூடான காற்றும் தெளிந்த வானமும் இருக்கும் இரவில் இலட்சக்கணக்கான பறவைகள் வடக்கு நோக்கிப் பறக்கின்றன. அந்நிலை காலை வரை நீடித்தால் பெரும்பாலானவை நகரையும் தீவுகளையும் கடந்து உள்நாட்டுக் காடுகளுக்குச் சென்றுவிடும். மாறாக, நள்ளிரவுக்குப் பின் மழையோ மூடுபனியோ வடக்குக் காற்றோ குறுக்கிட்டால், களைத்த பறவைகள் கிடைத்த முதல் நிலத்தில் இறங்குகின்றன. பறவை நோக்கர்கள் இதனைப் 'பறவைப் பொழிவு' எனக் கூறலாம். எனவே நோக்கர்களுக்குச் சிறந்த நாள் என்பது பெரும்பாலும் பறவைகளுக்குக் கடினமான நாளாகும்.

பருவங்கள்

இளவேனில்

மார்ச் மாதத்தில் செஞ்சிறகுக் கரும்பறவைகள் நாணற் புதர்களுக்குத் திரும்புகின்றன. ஏப்பிரலில் பொன்முடிக் கிங்லெட், வெண்கழுத்துச் சிட்டு முதலியவை வருகின்றன. மே மாதத்தின் இரண்டாம், மூன்றாம் வாரங்கள் உச்சக் காலமாகும். வார்ப்ளர்கள், திரஷ்கள், ஓரியோல்கள், தனேஜர்கள் ஆகியன அப்போது ஒருசேரக் காணப்படுகின்றன. மே மாத இறுதியில் ஈபிடிப்பான் வகைகளும், ஆர்க்டிக் பகுதிக்குச் செல்லும் கரைப்பறவைகளும் கடந்து செல்கின்றன. நீண்டு வளைந்த அலகுடைய விம்பிரல்கள் கூட்டங்கூட்டமாக ரொறன்ரோக் கரையோரமாகப் பறப்பது மே 24 ஆம் நாளை ஒட்டிய சில நாட்களில் மட்டுமே பெருமளவில் நிகழ்வதாகும்.

இலையுதிர் காலம்

தெற்கு நோக்கிய வலசை ஆகத்து மாதத்திலேயே தொடங்கி நவம்பர் வரை நீடிக்கின்றது. அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகளும் சேர்வதால் எண்ணிக்கை இளவேனிலை விட அதிகமாக இருக்கும். ஆயினும் பல வகைகள் மங்கிய சிறகு நிறத்துடன் இருப்பதால் இனங்காண்பது கடினமாகும். செப்டெம்பரில் நீல ஜேக்களும் பருந்து வகைகளும் பகலில் வலசை போகின்றன. இவை அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கத் தயங்கி ஏரிக்கரையை ஒட்டி மேற்கு நோக்கிச் செல்கின்றன. இதே காலத்தில் மெக்சிகோ நோக்கிச் செல்லும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளையும் தீவுகளில் காணலாம். அக்டோபரில் உள்ளங்கையளவான சோ-வெட் ஆந்தைகள் ஊசியிலை மரங்களின் அடர்த்தியில் பகல் முழுவதும் அசையாமல் அமர்ந்திருக்கும்.

குளிர்காலம்

ஆர்க்டிக்கில் இனப்பெருக்கம் செய்யும் நெடுவால் வாத்துகள் குளிர்காலத்தைத் தீவுகளைச் சூழ்ந்த நீரில் கழிக்கின்றன. ரொறன்ரோவின் குளிரிலிருந்து பறவைகள் தப்பிச் செல்லும் அதே வேளையில், அக்குளிரையே இளஞ்சூடாகக் கருதி வரும் பறவைகளும் உள்ளன என்பதற்கு இவை எடுத்துக்காட்டாகும்.

மே மாதத்தில் ஒரு நாள் நோக்கல்

மே மாத நடுப்பகுதியில் ரொறன்ரோவில் கதிரவன் காலை 6 மணிக்குச் சற்று முன்னர் உதிக்கின்றது. நோக்கர்கள் அன்றைய முதற் படகுகளுள் ஒன்றில் வார்ட் தீவுக்குச் செல்வது வழக்கம். படகிலிருந்தே நோக்கல் தொடங்குகின்றது. துறைமுக நீரில் நீர்க்காகங்களும் கடற்காக வகைகளும், நீரில் பாய்ந்து மீன் பிடிக்கும் ஆலாக்களும் காணப்படும்.

விடியலை அடுத்த மூன்று மணி நேரம் மிகச் சிறந்தது. இரவு முழுவதும் பறந்த பறவைகள் அப்போது பசியுடன் இருக்கும். கதிரவனின் ஒளி முதலில் படும் கிழக்கு நோக்கிய மர உச்சிகளில் பூச்சிகள் முதலில் இயங்கத் தொடங்குவதால் வார்ப்ளர்களும் அங்கேயே கூடுகின்றன. வார்ட் தீவின் வீட்டுத் தோட்டங்களில் பால்ட்டிமோர் ஓரியோல்களையும், 3 கிராம் அளவே எடையுள்ள செங்கழுத்து ஓசனிச்சிட்டுகளையும் காண வாய்ப்புண்டு.

மே மாதத்தில் ஏரியிலிருந்து கடிக்காத கொசு போன்ற சிறு ஈக்கள் திரள்திரளாக வெளிப்படுகின்றன. நடப்பவர்களின் கண்ணிலும் வாயிலும் புகும் இவை பொதுமக்களுக்குத் தொல்லையாக இருப்பினும், வலசைப் பறவைகளுக்கு மிக இன்றியமையாத உணவாகும். குளிர்ந்த காற்று வீசும் காலைகளில் இவ்வீக்கள் காற்று மறைவான புதர்களிலும் மணலிலும் ஒதுங்குகின்றன. வழக்கமாக மர உச்சியில் மட்டும் தென்படும் பறவைகளும் அவற்றைத் தொடர்ந்து தரைக்கு இறங்கி வருவதால், ஆரஞ்சு நிறக் கழுத்துடைய பிளாக்பேர்னியன் வார்ப்ளரைக் கூட முழங்கால் உயரத்தில் காண முடிகின்றது.

முற்பகலில் நோக்கர்கள் தென்கரை வழியாக மேற்கே செல்கின்றனர். மணற்கரையில் சிறு கரைப்பறவைகளும், திறந்த ஏரியின் மேல் வடக்கே செல்லும் வாத்துக் கூட்டங்களும் எதிர்பார்க்கப்படுகின்றன. நண்பகலில் பறவைகளின் பாடலும் அசைவும் குறைகின்றன. ஆனால் நிலம் சூடேறி மேலெழும் காற்றில் பருந்துகள் வட்டமிடத் தொடங்குவது அப்போதுதான். நண்பகலை ஒட்டிப் பூங்காவுக்கு வரும் மக்களின் எண்ணிக்கை அதிகரிப்பதால், ஜிப்ரால்ட்டர் முனையைச் சூழ்ந்த சோலைகளும் ஹன்லன் முனையின் மணற்குன்றுகளும் பிற்பகலில் விரும்பப்படுகின்றன.

மாலையில் கால்வாய்களின் ஓரம் வக்காக்கள் இரை தேட வருகின்றன. இருட்டியபின் மேலே செவிமடுப்போர், மீண்டும் புறப்படும் பறவைகள் பறக்கும்போது எழுப்பும் குறுகிய ஒற்றைக் குரல்களைக் கேட்கலாம். தரைமட்டத்தில் ஒரு பறவை கூடத் தெரியாத வேளையிலும் வலசை நடந்துகொண்டிருப்பதற்கு இக்குரல்கள் சான்றாகும். மழைத்துளிகளைக் கண்டறிய அமைக்கப்பட்ட வானிலை ரேடார்களிலும் இப்பறவைத் திரள்கள் பதிவாகின்றன.

குறிப்பிடத்தக்க பறவைகள்

வார்ப்ளர்கள்: அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் காணப்படும் ஒரு குடும்பம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காணப்படும் கதிர்க்குருவிகள் ஆங்கிலத்தில் இதே பெயரால் வழங்கப்பட்டாலும் அவை வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. தீவுகளில் மே மாதத்தின் சிறந்த நாளொன்றில் 20 வகை வார்ப்ளர்களைக் காண்பது இயலக்கூடியதே. மரப்பட்டையில் தொற்றி ஏறும் கறுப்பு வெள்ளை வார்ப்ளர், ஓயாது வாலாட்டும் பாம் வார்ப்ளர், தீவுகளிலேயே கூடு கட்டும் மஞ்சள் வார்ப்ளர் ஆகியவை எளிதில் இனங்காணத்தக்கவை.

பிளாக்போல் வார்ப்ளர்: ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ளது. இலையுதிர் காலத்தில் இப்பறவை கனடாவின் கிழக்குப் பகுதியிலிருந்தும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்தும் புறப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் இடைநிற்காது பறந்து கரிபியன் தீவுகளை அடைகின்றது. முதுகில் பொருத்தப்பட்ட சிறு ஒளிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு 2015 இல் வெளியான ஆய்வு, இப்பறப்பு 2,270 முதல் 2,770 கி.மீ. வரை நீள்வதையும் இரண்டு முதல் மூன்று நாட்கள் எடுப்பதையும் உறுதிசெய்தது. இதற்கெனப் புறப்படுமுன் உண்டு கொழுப்பைச் சேர்க்கின்றது. வழியிலுள்ள ஒவ்வொரு தங்குமிடமும் ஏன் முக்கியமானது என்பதை இப்பறவை விளக்குகின்றது.

தமிழ் வாசகர்கள் அறிந்த பறவைகள்: விராலடிப்பான், வக்கா, கல்திருப்பி உள்ளான், தகைவிலான் ஆகியன தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காணப்படும் அதே இனங்களே. எனினும் இரு நிலப்பகுதிகளிலும் உள்ளவை வெவ்வேறு வலசைப் பாதைகளைச் சேர்ந்தவை. வட ஆசியாவில் பிறந்த தகைவிலான்கள் குளிர்காலத்தில் தமிழர் நிலங்களுக்கு வருகின்றன. தீவுகளில் பிறந்த தகைவிலான்கள் மத்திய, தென்னமெரிக்காவுக்குச் செல்கின்றன.

கருவிகளும் நெறிமுறைகளும்

இருகண்நோக்கியே அடிப்படைக் கருவியாகும். 8×42 என்னும் அளவு பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றது. இதில் 8 என்பது உருப்பெருக்கத்தையும், 42 என்பது முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். உருப்பெருக்கம் கூடினால் பார்வைப் புலம் குறுகுவதால், இலைகளுக்கிடையே விரைந்து தாவும் பறவைகளைப் பின்தொடர்வது கடினமாகும். ஏரியில் தொலைவிலுள்ள வாத்துகளைக் காண முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி தேவைப்படும்.

கண்ட பறவைகளைப் பதிவு செய்வதற்கு, கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் ஓடுபன் சங்கமும் 2002 இல் தொடங்கிய ஈ-பேர்ட் தரவுத்தளம் பெரிதும் பயன்படுகின்றது. இடம், நேரம், நடந்த தூரம், இனவாரியான எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்துப் பதியும்போது தனியொருவரின் பட்டியல் ஆய்வுக்குரிய தரவாக மாறுகின்றது. அரிதான பறவைகளை மட்டுமன்றிப் பொதுவான பறவைகளையும் எண்ணிப் பதிவது முக்கியமாகும். பிற்காலத்தில் ஓரினம் அருகியதா என்பதை அறிய, அது மிகுதியாக இருந்த காலத்தின் எண்ணிக்கையே அடிப்படையாகின்றது.

உறங்கும் ஆந்தைகளை நெருங்காமை, அவற்றின் துல்லியமான இடத்தைப் பரப்பாமை, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவைகளை வரவழைப்பதைத் தவிர்த்தல், பாதைகளை விட்டு மணற்குன்றுகளில் ஏறாமை ஆகியன பொதுவாகப் பின்பற்றப்படும் நெறிகளாகும். வலசைக் காலத்தில் ஒரு பறவையை ஒருமுறை பறக்கச் செய்வதும் அது சேர்த்த கொழுப்பில் ஒரு பகுதியை வீணாக்குவதாகும்.

வரலாறு

ரொறன்ரோவின் மேற்குக் கரையிலுள்ள மிமிக்கோ என்னும் இடப்பெயர், காட்டுப் புறாக்கள் மிகுந்த இடம் எனப் பொருள்படும் முதற்குடி மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகும். இது வானத்தை மறைக்கும் அளவிற்குத் திரளாகப் பறந்த பயணிப் புறாவைக் குறிக்கின்றது. வேட்டையாலும் காடழிப்பாலும் அவ்வினம் அற்றுப்போனது. இறுதிப் பறவை 1914 ஆம் ஆண்டு செப்டெம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்கியல் பூங்காவில் இறந்தது. மிகுதியாக உள்ள பறவை அழியாது என்னும் எண்ணம் தவறு என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. 1916 இல் கனடாவின் சார்பில் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் வலசைப் பறவைகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் கனடாவில் 1917 இல் இயற்றப்பட்டது.

ரொறன்ரோவைச் சேர்ந்த பறவையியலாளர் ஜேம்ஸ் ஹென்றி பிளெமிங் (1872–1940) இப்பகுதியின் பறவைகள் பற்றிய விரிவான பட்டியலை 1906–1907 காலப்பகுதியில் வெளியிட்டார். அவருடைய பெரும் பறவைச் சேகரிப்பு ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ரொறன்ரோ கள இயற்கையாளர் சங்கம் 1923 இலும், ரொறன்ரோ பறவையியல் கழகம் 1934 இலும் நிறுவப்பட்டன.

தீவுகளுக்குக் கிழக்கே, கட்டட இடிபாடுகளையும் தோண்டிய மண்ணையும் கொட்டி உருவாக்கப்பட்ட லெஸ்லி வீதி நிலமுனை ஏறத்தாழ 5 கி.மீ. தூரம் ஏரிக்குள் நீள்கின்றது. 1950களின் இறுதியில் துறைமுக அலைதடுப்பாகத் தொடங்கப்பட்ட இந்நிலத்தில் மரங்கள் தாமாகவே முளைத்தன. இங்குள்ள ரொமி தொம்சன் பூங்காவில் 300 இற்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. நீர்க்காகங்களின் மிகப் பெரிய கூட்டமைவும் இங்கு உள்ளது. 2003 முதல் இங்கு இயங்கும் ஆய்வு நிலையத்தில் பறவைகளுக்கு வளையமிடப்படுகின்றது.

நகரத்தின் ஒளியும் கண்ணாடியும்

தீவுகளின் வடகரையிலிருந்து நோக்கும்போது, 1976 இல் திறக்கப்பட்ட 553 மீற்றர் உயர சி.என். கோபுரமும் அதைச் சூழ்ந்த உயர் கட்டடங்களும் துறைமுகத்துக்கு அப்பால் தெரிகின்றன. வலசைப் பறவைகளுக்கு இந்நகர மையம் இரு கட்டங்களில் தீங்கு விளைவிக்கின்றது.

முதலாவது, இரவின் ஒளி. தாழ்ந்த முகிலும் மூடுபனியும் உள்ள இரவுகளில் விண்மீன்கள் மறைகின்றன. நகர ஒளி முகிலில் பட்டுத் தெறிக்கின்றது. அதனால் ஈர்க்கப்படும் பறவைகள் ஒளிவட்டத்தை விட்டு விலக இயலாது சுற்றிச் சுற்றிப் பறந்து களைத்துக் கட்டடங்களுக்கிடையே இறங்குகின்றன.

இரண்டாவது, பகலின் கண்ணாடி. மோதல்களிற் பெரும்பாலானவை இரவில் அன்றிப் பகலிலேயே, அதுவும் உயர்மாடிகளில் அன்றி மரங்களின் உயரத்தை ஒத்த கீழ்மாடிகளிலேயே நிகழ்கின்றன. நகருள் இறங்கிய பறவை காலையில் உணவு தேடும்போது கண்ணாடியில் எதிரொளிக்கும் மரத்தையும் வானத்தையும் மெய்யெனக் கொண்டு பறக்கின்றது. கண்ணாடி என்னும் தடையை அறியும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லை. எதிரொளிக்கும் கண்ணாடியைப் போன்றே, ஊடே மறுபுறம் தெரியும் கண்ணாடியும் ஆபத்தானது.

கனடாவில் கட்டடங்களில் மோதி ஆண்டுதோறும் 1.6 கோடி முதல் 4.2 கோடி வரையான பறவைகள் இறப்பதாக 2013 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ரொறன்ரோவில் மோதி வீழும் பறவைகளுள் வெண்கழுத்துச் சிட்டு, பொன்முடிக் கிங்லெட், ஓவன்பேர்ட் ஆகியவை மிகுதியாக உள்ளன. இவை தீவுகளின் சோலைகளில் நோக்கர்கள் ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்க்கும் பறவைகளே. வட அமெரிக்காவின் பறவைகள் 1970 முதல் ஏறத்தாழ 290 கோடி, அதாவது 29 விழுக்காடு குறைந்துவிட்டன என 2019 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. வாழிட இழப்பு, பூனைகள், பூச்சிகொல்லிகள், கண்ணாடி மோதல் எனக் காரணங்கள் பலவாகும்.

தணிப்பு முயற்சிகள்

ரொறன்ரோவில் 1993 இல் தொடங்கப்பட்ட பிளாப் என்னும் அமைப்பின் தன்னார்வலர்கள், வலசைக் காலத்தில் விடியலுக்கு முன்னரே நகர மையத்தைச் சுற்றி வந்து மோதி வீழ்ந்த பறவைகளைச் சேகரிக்கின்றனர். உயிருள்ளவை பராமரிப்புக்கு அனுப்பப்படுகின்றன. இறந்தவை இனமும் இடமும் குறித்துப் பதியப்படுகின்றன. சேகரிக்கப்பட்ட உடல்கள் பல ஆண்டுகளில் ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தின் தரையில் இனவாரியாக அடுக்கிக் காட்சிப்படுத்தப்பட்டன. எக்கட்டடத்தின் எப்பக்கத்தில் எத்தனை பறவைகள் இறந்தன என்னும் இப்பதிவுகளே பின்வந்த விதிமுறைகளுக்குச் சான்றாதாரமாக அமைந்தன.

2006 இல் வலசைக் காலத்தில் தேவையற்ற விளக்குகளை அணைக்குமாறு கோரும் இயக்கத்தை மாநகராட்சி தொடங்கியது. 2007 இல் பறவைகளுக்கு உகந்த கட்டட வடிவமைப்புக்கான வழிகாட்டலை வெளியிட்டது. 2010 முதல் புதிய பெருங்கட்டடங்கள் பலவற்றுக்கு இவை ரொறன்ரோ பசுமைத் தரநிலையின் வழியாகக் கட்டாயமாக்கப்பட்டன. கண்ணாடியின் வெளிப்பரப்பில் நெருக்கமான இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இடுவது இதன் முக்கிய கூறாகும். நாடளாவிய தரநிலை ஒன்று 2019 இல் வெளியிடப்பட்டது. ஒட்டப்படும் ஒற்றைப் பருந்துப் படம் பயனற்றது. பறவை அதனைச் சுற்றி அடுத்த வெற்றிடத்தை நோக்கிப் பறந்துவிடும்.

2013 இல் ஒன்ராறியோ நீதிமன்றம் ஒன்று, கட்டடக் கண்ணாடியிலிருந்து எதிரொளிக்கும் ஒளி பறவைகளைக் கொல்லுமாயின் அது சுற்றுச்சூழற் சட்டத்தின் கீழ் மாசாகக் கருதப்படலாம் எனத் தீர்ப்பளித்தது. உரிய தணிப்பு நடவடிக்கைகளை எடுத்திருந்தமையால் கட்டட உரிமையாளர் விடுவிக்கப்பட்டார். எனினும் கண்ணாடி மோதலைச் சட்டப் பொறுப்புக்கு உட்படுத்திய வகையில் இத்தீர்ப்பு குறிப்பிடத்தக்கது.

இம்முறைகள் பயன் தருவதை மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள சிக்காகோ நகரின் பட்டறிவு காட்டுகின்றது. அங்குள்ள மாநாட்டு மண்டபம் ஒன்றில் 2023 அக்டோபரில் ஒரே இரவின் வலசையில் ஏறத்தாழ 1,000 பறவைகள் மோதி இறந்தன. 2024 கோடையில் அக்கட்டடத்தின் கண்ணாடிகளில் புள்ளிகள் கொண்ட மென்படலம் ஒட்டப்பட்டது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இறப்புகள் ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. ரொறன்ரோவில் புதிய கட்டடங்களுக்கு விதிகள் இருப்பினும், அவற்றுக்கு முன் கட்டப்பட்ட ஏராளமான கண்ணாடிக் கட்டடங்களை மாற்றியமைப்பதே பெரும் பணியாக எஞ்சியுள்ளது.

தீவுகள் எதிர்கொள்ளும் பிற சிக்கல்கள்

தீவுகள் ஏரி மட்டத்திலிருந்து சற்றே உயர்ந்தவை. 2017 இல் ஒன்ராறியோ ஏரியின் நீர்மட்டம் வழமைக்கு மாறாக உயர்ந்ததால் தீவுகளின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. மே மாதத் தொடக்கத்திலிருந்து யூலை இறுதி வரை பூங்கா பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. இளவேனில் வலசையின் உச்சக் காலம் முழுவதும் இதில் அடங்கியது. 2019 இலும் வெள்ளம் ஏற்பட்டது. கரைகள் கட்டப்பட்டமையாலும் துறைமுகப் பணிகளாலும் கிழக்கிலிருந்து வரும் மணலின் அளவு குறைந்துவிட்டதால், ஜிப்ரால்ட்டர் முனையை ஒட்டிய கரை அரிக்கப்பட்டு வருகின்றது. மணற்குன்றுகளின் தாவரங்கள் மக்கள் நடமாட்டத்தால் மிதிபடுவதும் ஒரு சிக்கலாகும்.

மோதிய பறவையைக் காண்போர் செய்யவேண்டியவை

கண்ணாடியில் மோதி வீழ்ந்த பறவை இறந்ததுபோற் காணப்பட்டாலும் உயிருடன் இருக்கலாம். அதனை மெல்ல எடுத்து, காற்றுத் துளைகள் இடப்பட்ட அட்டைப் பெட்டியிலோ மடித்து மூடிய காகிதப் பையிலோ வைத்து, இருளான அமைதியான இடத்தில் வைத்திருக்க வேண்டும். நீரோ உணவோ கொடுத்தல் கூடாது. உட்காயம் வெளியில் தெரியாதாகையால், பறவை எழுந்து நின்றாலும் கூடியவரை விரைவில் காட்டுயிர்ப் பராமரிப்பு நிலையத்திடம் ஒப்படைப்பதே பரிந்துரைக்கப்படுகின்றது. நலமடைந்த பறவைகள் உயர் கட்டடங்களுக்கு அப்பாலுள்ள பசுமையான இடங்களில் விடுவிக்கப்படுகின்றன.